பதினேழாம் நம்பர் ரத்தம்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெயில் ஏறி இறங்கினால் மெஷினுக்கு ஆகாதாம். மனுஷிக்கு ஆகுமா என்று அறையைக் கட்டினவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கார்டைக் காட்டினால் கதவு திறக்கும், நாம் உள்ளே போனதும் தானே சாத்திக்கொள்ளும், அதன்பிறகு ஏ.சி.யின் உறுமலும் காற்றை உறிஞ்சும் பம்பின் முனகலும்தான் துணை. ஆறு வருஷமாக அவள் அங்கேதான் குடியிருந்தாள். வீட்டுக்குத் தூங்கப் போய் வந்தாள், அவ்வளவுதான்.

லேபில் அவளுக்குத் துப்பாக்கிக்காரி என்று பெயர். சும்மா வைக்கவில்லை, பகல் முழுக்க அவளுக்குச் சுடுவதுதான் வேலை. யாருடைய ரத்தத்திலிருந்தோ பிரித்த சீரத்தில் ஒரு துளியூண்டு எடுத்து, மேட்ரிக்ஸ் என்கிற அமிலக் கரைசலோடு கலந்து, எஃகு பிளேட்டில் பொட்டு வைத்த மாதிரி வைக்க வேண்டும். காய்ந்ததும் உப்புப் பூத்தது போலப் படிகம் கட்டும். பிளேட்டை மெஷினுக்குள் தள்ளி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தப் பொட்டின் மேல் லேசரால் சுடணும். சுட்டதும் படிகம் சிதறும், அதில் மாட்டிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் தலைதெறிக்க ஒரு நீளக் குழாய்க்குள் ஓடும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம்தான். ஒல்லிக்குச்சிகள் முதலில் வந்து சேரும், குண்டர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து இன்னின்னது இத்தனை எடை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். திரையில் ஒரு கோடு ஓடும், ஆள் வந்த இடத்திலெல்லாம் கோடு கூம்பாக எழும்பி நிற்கும். அதற்குப் பீக் என்று பெயர்.

அவளுடைய பீக் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழில் நிற்கும். லேபில் செல்லமாக நாப்பத்தேழு. கணையத்தில் புற்றுநோய் வந்த நாற்பது பேருடைய ரத்தத்திலும் அது இருந்தது. அதுவரை பார்த்த நோயில்லாதவர்களிடம் இல்லை. மூணு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அது அகப்பட்ட அன்றைக்கு, எப்போதும் மீசைக்குள்ளேயே பேசுகிற அவளுடைய கைடு வராந்தாவில் நின்று கத்தினார். அது என்ன மூலக்கூறு என்று பேர் வைக்கிற வேலை பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் டிகிரியை முடி என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். நாப்பத்தேழுதான் அவளுடைய தீசிஸ், நாப்பத்தேழுதான் அவளுடைய டிகிரி. அது போனால் ஆறு வருஷமும் போச்சு. மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும், ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது தடவை ஆபீஸ்காரர்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் பனிக்கட்டி போட்டு வந்தது. நோயில்லாதவர்களுடையதுதான் கஷ்டம். முப்பது பேர் வேண்டும். "ரத்தம் ஓடுற யாரா இருந்தாலும் பிடிச்சிட்டு வாம்மா" என்றார் கைடு. வளாகத்து கிளினிக்குக்கு நூலகரை இழுத்துப் போனாள், வாட்ச்மேனை இழுத்துப் போனாள், கைடே கையை நீட்டினார். ஒருநாள் வருகிறேன் என்று சொன்ன இரண்டு பேர் டிமிக்கி கொடுத்துவிட்டார்கள். வந்த கையோடு திரும்புவானேன் என்று தன் ரத்தத்தையே கொடுத்துவிட்டு வந்தாள். ஒப்புக்குச் சப்பாணி. யாருடைய ரத்தம் எது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் எல்லாருக்கும் நம்பர்தான். நம்பருக்கு எதிரே பெயர் எழுதின காகிதம் அவள் டிராயரில் பூட்டியிருந்தது.

முதல் பதினாறு பேரைப் போன வருஷமே சுட்டு முடித்திருந்தாள், சுத்தம். மிச்சம் பதினாலு பேரை அன்றைக்குக் காலையில் பிளேட்டில் ஏற்றினாள். கைடு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர் மாதிரி.

முதல் பொட்டு பதினேழு. சுட்டாள். கோடு ஓடியது. நாப்பத்தேழு நெட்டுக்குத்தலாக எழும்பி நின்றது.

"பிளேட்டை மாத்தி வச்சிட்டியா?" என்றார் கைடு.

"இல்ல சார்."

"மறுபடி சுடு."

சுட்டாள். மறுபடி நின்றது. பதினெட்டிலிருந்து முப்பதுவரை ஒன்றிலும் இல்லை. பதினேழில் மட்டும் அசையாமல் நின்றது.

"யாரு இந்தப் பதினேழு? சொல்லாத, சொல்லாத, சொல்லக்கூடாது." கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பதுல ஒண்ணு. என்ன மாத்திரையைப் போட்டுட்டு வந்தானோ. ரிசல்ட் டேபிள்ல இருந்து எடுத்துடு. ஒரு வரி எழுதிடலாம், ஒருத்தர் நீக்கப்பட்டார்னு." எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார். கதவு தானே சாத்திக்கொண்டது.

அவள் டிராயரைத் திறக்கவே இல்லை. திறக்கத் தேவையும் இல்லை. பதினேழு அவள்தான்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதை அவள் அன்றைக்குத்தான் அனுபவித்தாள். திரையையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, ஸ்கிரீன்சேவர் வந்து பீக்கை மறைத்தது. மௌஸைத் தொட்டாள், பீக் அங்கேயேதான் இருந்தது.

அவளுடைய அப்பா செத்தது அந்த நோயில்தான். வயிற்று வலி என்று போனவருக்கு, நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நாலே மாசம். இந்தத் தலைப்பை அவள் எடுத்ததற்கு அதுதான் காரணம். தீசிஸின் முதல் பக்கத்தில் அவளே எழுதிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: ஸ்கேனில் எதுவும் தெரியாத நிலையிலேயே இந்தப் பீக் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மீட்டிங்கில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பாள்! இப்போது அதே வாக்கியம் வந்து கழுத்தைப் பிடித்தது.

யோசித்துப் பாருங்கள் அவள் நிலைமையை. நாப்பத்தேழு நிஜம் என்றால் டிகிரி உண்டு, அவள் வயிற்றில் நோயும் உண்டு. நாப்பத்தேழு பொய் என்றால் உயிர் தப்பியது, ஆறு வருஷம் குப்பைக்கு. காலையில் பல் தேய்க்கும்போது பொய்யாக இரு, பொய்யாக இரு என்று வேண்டிக்கொள்வாள். லேபுக்கு வந்து தீசிஸைத் திறந்ததும் நிஜமாக இருந்து தொலையேன் என்று மனசு சொல்லும். சொன்ன மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருக்கும். சீ, என்ன ஜென்மம் நான், செத்தாலும் பரவாயில்லை பட்டம் வேணும்னு நினைக்கிறேனே!

வீட்டிலும் சொல்லவில்லை. அவள் கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிரே உட்காருகிற யாருடைய கண்ணையும் கூர்ந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு.

"கண்ணு ரெண்டும் உள்ள போய் உக்காந்திருக்கு. என்ன நம்பர் கண்ணாடி போட்டாலும் வெளிய வராது போல" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

"தீசிஸ் டென்ஷன்."

"அதான் முடியப்போகுதே? முடிச்சவ மூஞ்சியா இது?"

"சாப்பிட விடு."

"நீ சாப்பிட்டாத்தானே விடறதுக்கு? தட்டுல கோலம் போட்டுட்டு இருக்க."

மென்று முழுங்கினாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் கடையைச் சாத்திவிட்டு அவளை டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு அலைவான், விஷயம் அம்மா காதுக்குப் போகும், அப்பாவைத் தூக்கிக் கொடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

ஆறாம் நாள் யாருக்கும் தெரியாமல் போய் ஸ்கேன் எடுத்தாள். டாக்டரம்மா படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே. எதுக்குமா எடுத்தீங்க?" என்றாள்.

"சும்மாதான் டாக்டர். அப்பாவுக்கு இருந்தது."

"ரொம்பச் சின்னதா இருந்தா இதுல தெரியாது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பாக்கலாம்."

ஆறு மாசம்! அப்பாவுக்குக் கிடைத்ததே நாலு மாசம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். தான் போக வேண்டிய பஸ் மூன்று வந்து போனதும் தெரியவில்லை.

பதினோராம் நாள், அலுத்துப்போய், வளாகத்து கிளினிக்குக்கு நடந்தாள். பழைய ரத்தம் எட்டு மாசத்துக்கு முந்தினது. பீக் இந்த எட்டு மாசத்தில் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வளர்ந்திருந்தால் தெரிந்துபோகும். அவளால் இதற்குமேல் தாங்க முடியவில்லை, நல்லதோ கெட்டதோ ஒன்று தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது.

கிளினிக் சிஸ்டர் வாயாடி. "வாம்மா ரத்தக் காட்டேரி! இன்னைக்கு யாரைப் பிடிச்சிட்டு வந்த?"

"என்னையேதான் சிஸ்டர்."

"உன்கிட்ட என்ன இருக்கு எடுக்கறதுக்கு? நரம்பே தெரியல." தட்டித் தட்டி ஒரு நரம்பைப் பிடித்து ஊசியைக் குத்தினாள். "போன தடவை நீ வந்தப்ப பாரு, சிவப்பு மூடி டியூப் தீர்ந்துபோச்சு. உங்க லேப் பெட்டியில ஆஸ்பத்திரிக்காரங்களோட மஞ்சள் மூடி ஒண்ணு காலியா கிடந்துச்சு, அதுல எடுத்துக் கொடுத்து ஒப்பேத்தினேன். இப்பப் பாரு, பெட்டி பெட்டியா வந்து குவிஞ்சிருக்கு. வேணும்ங்கறப்ப ஒண்ணு இருக்காது."

"ம்" என்றாள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

அன்றைக்கு மத்தியானமே சீரத்தைப் பிரித்துப் பொட்டு வைத்தாள். பக்கத்திலேயே ஃப்ரீசரிலிருந்து பழைய பதினேழையும் எடுத்து வைத்தாள். அவசரத்தில் ஒரு பொட்டு வழிந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. கழுவி மறுபடி வைத்தாள். புதுசைச் சுட்டாள். நாப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் கோடு மொட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. பழையதைச் சுட்டாள். நிமிர்ந்து நின்றது.

ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். பம்ப் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? ஒரு நிமிஷம் சந்தோஷம் தலைக்கேறியது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. எட்டு மாசம் முன்னால் இருந்த புற்றுநோய் மாத்திரை மருந்து இல்லாமல் தானாக எழுந்து போய்விடுமா? அப்படிப் போகிற நோயாக இருந்தால் அப்பா ஏன் செத்தார்? ரெண்டும் ஒரே ஆளுடைய ரத்தம். ஒரே கை, ஒரே மேட்ரிக்ஸ், ஒரே பிளேட், ஒரே லேசர். என்னதான் மாறியது?

சிவப்பு மூடி. மஞ்சள் மூடி.

சிஸ்டர் சொன்னது அப்போதுதான் வந்து உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாற்பது நோயாளிகளின் ரத்தமும் மஞ்சள் மூடி டியூபில்தான் வந்தது. வளாகத்தில் எடுத்த இருபத்தொன்பது பேருடையதும் சிவப்பு மூடி. நோயுள்ளவர், இல்லாதவர் என்று அவள் பிரித்து வைத்திருந்ததெல்லாம் மஞ்சளும் சிவப்பும்தானா? ஆறு வருஷம் படித்தவள், கைடு முப்பது வருஷம் படித்தவர், டியூப் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ரெண்டு பேருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. சீரத்தைச் சின்னக் குப்பிக்கு மாற்றின கையோடு டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு, குப்பியின் மேல் நம்பரை ஒட்டிக்கொண்டே போனார்கள்.

அலமாரி மேல் பழைய பெட்டிகளைக் குடைந்தாள். பிரிக்காத மஞ்சள் மூடி இரண்டு அகப்பட்டது. மறுநாள் காலை வந்ததும் ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி மூடினாள். ஒரு சிவப்பு மூடி டியூபிலும் ஊற்றினாள். ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர ஆகும் நேரம் ஊற வேண்டும் என்று ரெண்டையும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு நாலு மணி நேரம் அவற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெறும் தண்ணீருக்கு இப்படிக் காவல் இருந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சிவப்பு டியூப் தண்ணீரைச் சுட்டாள். ஒன்றுமில்லை.

மஞ்சள் டியூப் தண்ணீரைச் சுட்டாள். நாப்பத்தேழு நின்றது. டியூபின் உள்சுவரில் பூசியிருந்த ஏதோ ஒரு பசை ஊறி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ரத்தமே இல்லாத தண்ணீருக்குப் புற்றுநோய்!

சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. செத்துப்போக மாட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், மேஜை மேல் இருந்த இருநூற்றுப் பத்துப் பக்கத் தீசிஸ் கண்ணில் பட்டது. உயிர் போகிற பயம் விலகிய இடத்திலேயே ஆறு வருஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டாண்டில் இருந்த டியூபைப் பார்த்தாள். இதை சிங்க்கில் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பொய் சொல்வானேன், அதையும் நினைத்தாள். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு சிங்க் வரைக்கும் போய் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து வைத்துவிட்டு, கைடுக்குப் போன் போட்டாள்.

அவர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை சுட்டுக் காட்டினாள்.

"ஆஹா!" என்றார். "எவ்வளவு சுத்தமா நிக்குது பாரு. புதுப் பேஷன்ட்டா? பாவம், யாரும்மா?"

"தண்ணி, சார்."

"என்னது?"

"மஞ்சள் மூடி டியூப்ல ஊத்தி வச்ச தண்ணி."

அவர் முப்பது வருஷம் படித்தவர் என்று சொன்னேனே, அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பேயறைந்த மாதிரி முகம்.

"எப்படித் தோணுச்சு உனக்கு?"

"பதினேழு யாருன்னு கேட்டீங்களே சார். நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய அப்பா எதில் செத்தார் என்று அவருக்குத் தெரியும். "எடுத்துடுன்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "இன்னையோட எத்தனை நாள் ஆச்சு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டு தினமும் வந்து எனக்கு டேபிள் திருத்திக் கொடுத்துட்டிருந்தியா? ஏன்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சார் சொல்றது? உங்க பீக் நிஜம்தானேன்னு கேக்கறதா?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்க பாரு. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கு. தீசிஸ்ல ஒருத்தர் நீக்கப்பட்டார்னு எழுதியாச்சு. தண்ணியை எந்த எக்ஸாமினரும் சுட்டுப் பாக்கப்போறதில்ல. நீ பட்டத்தை வாங்கிட்டு வெளிய போ. அப்புறம் நான் பாத்துக்கறேன், தப்புன்னு நானே எழுதறேன். பழி என் தலையில இருக்கட்டும். உனக்காகத்தான் சொல்றேன்மா."

அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தலையாட்டினால் போதும். கதவு திறந்துவிடும்.

"நீங்க எழுதறதுக்குள்ள இதைப் படிச்சிட்டு எவளாவது ஒருத்தி ரத்தம் கொடுப்பா சார். மஞ்சள் மூடியில கொடுப்பா. பீக் இருக்கும்மா, ஸ்கேன்ல தெரியாது, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்புவாங்க." டியூப் ஸ்டாண்டை அவர் பக்கம் தள்ளினாள். "அந்தப் பன்னெண்டு நாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். என் எதிரிக்குக்கூட வேணாம்."

கைடு எழுந்து, தீசிஸ் கட்டைத் தன் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல போய்க் கால்ல விழுந்தாவது ஒரு வருஷம் கேட்டுப் பாக்கறேன். தருவானுங்கன்னு வாக்கு கொடுக்க முடியாது." கதவருகே நின்று, "எல்லாருக்கும் ஒரே மூடி. முதல்ல இருந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

மறுபடி அதே அறை, அதே உறுமல். மணி நாலாகியிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அம்மா போன் பண்ணுவாள், தப்பவே தப்பாது. மூணு வருஷமாக முதல் கேள்வியும் ஒன்றேதான்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"இல்லம்மா. எல்லாம் தப்பாப் போச்சு. முதல்ல இருந்து பண்ணணும்."

"அடிப்பாவி! அப்ப ஆறு வருஷமா அங்க என்னத்தைத்தான் பண்ணிக் கிழிச்ச? ஊர்ல அவவ டாக்டர் பட்டம் வாங்கிப் புள்ளையும் பெத்துட்டா. கேக்கறவங்களுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

"அம்மா, நான் நல்லா இருக்கேம்மா."

"அதை யாருடி கேட்டா? நீ நல்லாத்தானே இருக்க, உனக்கென்ன கேடு?"

"ஆமாம்மா" என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அம்மாவுக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.